முதற்பதிப்பு யாருக்கு?

பாடபேதத்தின் அருமையைத் தமிழ்ப் புலவர் உலகம் நன்கு அறியும். ஒரே சொல்லுக்கு ஒரு சுவடியில் ஒரு வடிவமும் மற்றொரு சுவடியில் வேறு வடிவமும் காணப்படும்போது, எது நூலாசிரியன் வாக்கு, எது ஏடெழுதினோன் பிழை என்று துணிவதற்காக ஊர் ஊராக அலைந்த பெரியோரின் வரலாறு தமிழாசிரியர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிற் கொணர்ந்தபோது, பல பிரதிகளை ஒப்புநோக்கிய உழைப்பே அப்பதிப்புக்கு உயிராயிற்று. ஆற்றுவெள்ளத்தில் விடப்பட்ட சுவடிகளையும் கரையானுக்கு இரையான சுவடிகளையும் எண்ணி இன்றும் வருந்தாதார் இல்லை.

ஆயினும், அதே புலவர் உலகம் ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது, “இஃது எந்தப் பதிப்பு?” என்று கேட்பது அரிது. கடையில் கிடைத்தது எதுவோ அதுவே நூல், அட்டை கிழிந்தால் புதிய பிரதி, பழையது எடைக்கு. ஏட்டுக்குக் காட்டிய பரிவில் நூறில் ஒரு பங்கும் அச்சு நாவலுக்குக் காட்டப்படுவதில்லை. அச்சேறிவிட்ட நூல் அழியாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு மலேசியத் தமிழ் நாவலே தக்க சான்று. அதிலும், ரப்பர்த் தோட்டங்களின் தொட்டிலாகிய மலாக்கா மாநிலத்தில் நின்று பார்ப்போர்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

மேல்நாட்டார் வேட்கை

மேல்நாடுகளில் நவீன நாவல்களின் முதற்பதிப்பைத் தேடிச் சேர்ப்பது ஒரு தனிக்கலையாகவும், ஒரு தனி வாணிகமாகவும் வளர்ந்திருக்கிறது. “இத்தனை படிகளே அச்சிடப்பட்டன; இஃது இத்தனையாவது படி” என்று எண் குறித்து, ஆசிரியர் தம் கையொப்பமும் இட்ட வரையறைப் பதிப்பு என்றால் விலை பன்மடங்கு. நூலின் மேலுறை கிழியாதிருக்க வேண்டும். தாள் மடிப்பு வெட்டப்படாமல் இருந்தால் மிகச் சிறப்பு. அதாவது, நூல் படிக்கப்படாமலே இருந்தால் மிகச் சிறப்பு! படிப்பதற்கென்று பிறந்த பொருள் படிக்கப்படாமையால் மதிப்புப் பெறுவதைக் கண்டு எள்ளி நகைப்பது எளிது. பலர் நகைத்தும் இருக்கிறார்கள்.

ஆனால், இவ்வழக்கத்தின் தோற்றுவாயை நோக்குவோர் அவ்வளவு விரைவில் நகைக்க மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வரையறைப் பதிப்புகளுள் ஒன்று ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’. 1922-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற சிறு புத்தகக் கடையை நடத்திவந்த ஸில்வியா பீச் என்ற பெண்மணி அதனை வெளியிட்டார். மொத்தம் 1,000 படிகள். அவற்றுள் உயர்ந்த தாளில் அச்சிட்ட 100 படிகளில் மட்டும் ஆசிரியர் கையொப்பம் இட்டார். டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ 1928-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அச்சாயிற்று. அதுவும் 1,000 படிகளே. ஒவ்வொன்றிலும் எண்ணும் கையொப்பமும் உண்டு.

இவ்விருவரும் ஏன் எண்ணிக்கையை வரையறுத்தனர்? ஆடம்பரத்துக்காக அன்று. இங்கிலாந்தில் அந்நாவல்களை உள்ளபடி அச்சிடத் துணிந்த பதிப்பகம் இல்லை, சட்டத்துக்கு அஞ்சினர். ஆகவே, ஆசிரியரை நம்பி முன்பணம் செலுத்தும் ஒரு சிறு வாசகர் கூட்டத்தைத் திரட்டி, அவர்கள் பொருட்டே நூல் அச்சிடப்பட்டது. கையொப்பம் என்பது அந்த நம்பிக்கைக்கு ஆசிரியர் கொடுத்த ரசீது போன்றது. நிறுவனம் கைவிட்ட எழுத்தை வாசகர் தாங்கிய கதையே வரையறைப் பதிப்பின் கதை. பின்னர் வந்த வணிகர்கள் தேவையை மறந்து, அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதனைச் செல்வர் வீட்டு அலமாரிப் பொருளாக்கினர். வழக்கத்தின் பிற்காலச் சீர்கேட்டைக் கொண்டு அதன் வேரையும் இகழ்வது நேர்மையாகாது.

தமிழில் முதற்பதிப்பு எது?

தமிழ் நாவலுக்கு வரும்போது, முதற்பதிப்பு என்பது எது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் நூலாகவே வெளிவந்தது, அங்கே ஐயமில்லை. ஆனால் பி. ஆர். ராஜமையரின் நாவல் 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடர்ந்து வெளிவந்து, 1896-இல் நூலாயிற்று. அதன் பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது. பிற்காலப் பதிப்புகள் பெயரின் முற்பாதியைக் கைவிட்டமையால், இன்றைய மாணவர் அறிவது ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்ற பிற்பாதியை மட்டுமே.

இஃது ஒரு சிறு செய்தி போலத் தோன்றலாம். அன்று. ‘அபவாதம்’ என்ற சொல் ஊர்ப்பழியைக் குறிப்பது. ஊரார் வாய்ப்பழி ஒரு குடும்பத்தை எவ்வாறு அலைக்கழிக்கிறது என்பதே தம் கதை என்று ஆசிரியர் தலைப்பிலேயே அறிவித்தார். ‘சரித்திரம்’ என்பதை மட்டும் படிப்பவர், ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாற்றை எதிர்பார்த்து நூலுள் நுழைகிறார். முதற்பதிப்பைக் கண்டவர் ஒரு சமூக நோயின் ஆராய்ச்சியை எதிர்பார்த்து நுழைகிறார். ஒரு தலைப்பின் பாதி போனதால் ஒரு நாவலின் வாயிற்கதவே இடம் மாறிவிட்டது. இதனை முதற்பதிப்பின்றி எங்ஙனம் அறிவது?

இருபதாம் நூற்றாண்டிலும் தமிழ் நாவலின் முதல் வடிவம் பெரும்பாலும் வார இதழின் பக்கங்களே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்தபோது, வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கித் தைத்து, காலிக்கோ அட்டை போட்டு வைத்துக்கொண்ட குடும்பங்கள் எண்ணற்றவை. கையொப்பமும் இல்லை, எண்ணும் இல்லை. பைண்டரின் கோந்து வாசம் மட்டும் உண்டு. ஆயினும், தமிழ் வாசகன் தானே செய்துகொண்ட முதற்பதிப்பு அதுவே. நூலில் இல்லாத சித்திரங்களும், அத்தியாயம் எந்த வாரத்தில் எங்கே நின்றது என்ற குறிப்பும், பக்கத்தின் மறுபுறத்தில் அக்கால விளம்பரங்களும் அதில் பாதுகாக்கப்பட்டுள்ளன. சோப்பு விளம்பரமும் ரேடியோ விளம்பரமும் கதையின் பகுதி அல்ல என்பது உண்மை. ஆனால் அந்தக் கதையைப் படித்தவர் யாவர் என்பதை அவை சொல்லும்.

இத்தகைய பழைய பக்கங்களின் பயன் வெறும் நினைவின் இனிமையன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-ஆம் ஆண்டில் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பு, இதழ்களில் வந்த வடிவங்களையும் முற்பதிப்புகளையும் தேடி ஒப்பிட்டதன் விளைவு. பாடபேதம் பழம்பாடலுக்கு மட்டுமன்று, உரைநடைக்கும் உண்டு என்பதை அப்பதிப்பு தமிழ் உலகுக்கு நிறுவிக் காட்டியது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பல்லாண்டுகள் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. புலவர் ஒதுக்கிய மலிவு நாவலையும் அவர் சேர்த்துவைத்தார். இலக்கியத் தரத்தைப் பின்வருவோர் ஆராயட்டும். முதலில் நூல் இருக்க வேண்டும் என்பதே சேகரிப்போன் அறம். அந்த அறத்தை உணர்ந்தவர் அவர்.

வெளியீட்டு விழாவும் கையொப்பமும்

இனி மலேசியாவின் நிலை. இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது க. வெங்கடரத்தினம் எழுதி 1917-இல் வெளிவந்த ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. ராஜமையர் நூலில் கண்ட அதே ‘அல்லது’ இங்கும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் ஒன்று, பொருள் ஒன்று எனத் தலைப்பை இரண்டாகப் பிளந்து கூறும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரபு கடல் கடந்து வந்து, கால் நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைத்ததற்கு அத்தலைப்பே அடையாளம். மலாயாத் தமிழ் நாவல் எந்தக் கிளையிலிருந்து துளிர்த்தது என்பதை ஒரு முகப்புத்தாள் சொல்லிவிடுகிறது.

அதன்பின் வந்தவை பல. எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ 1971-இலும், கா. பெருமாளின் ‘துயரப் பாதை’ 1978-இலும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இலும் நூல் வடிவம் பெற்றன. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இல் வந்தது. இவற்றின் இலக்கிய நிறைகுறைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், இவை எவ்வாறு அச்சாயின என்பதில் ஒரு பொதுத்தன்மை உண்டு. மலேசியத் தமிழ் எழுத்தாளனுக்குப் பெரும்பாலும் அவனே பதிப்பாளன். அவனே அச்சுக்கூலி கொடுப்பான். அவனே நூற்கட்டுகளைக் காரில் ஏற்றிவருவான். அச்சிடும் படிகள் பெரும்பாலும் 1,000-ஐத் தாண்டுவதில்லை. 500-ஓடு நிற்பதும் உண்டு.

பின்னர் வெளியீட்டு விழா. மண்டபத்தில் குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமையுரை, நூலாய்வு. அதன்பின் பிரமுகர் ஒருவர் முதற்படியைப் பெற்றுக்கொள்வார். அவர் தருவது நூலின் விலை அன்று. அஃது ஓர் அன்பளிப்பு. தொடர்ந்து மற்றையோர் வரிசையில் வந்து உறையை நீட்ட, ஆசிரியர் நூலை நீட்டுவார். விழா முடிந்ததும் மேசையருகே கூட்டம் கூடும். ஒவ்வொரு படியிலும் “அன்புடன்” என்று எழுதி ஆசிரியர் கையொப்பம் இடுவார். கலியாணத்து மொய்யும் இலக்கிய ஆதரவும் ஒன்றாய்க் கலந்த இவ்விழாவைப் பழித்துப் பேசுவோர் உண்டு. நூலை வாங்கியவர் படித்தாரா என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால், ஜாய்ஸின் 100 படிகளை முன்பணம் கொடுத்து வாங்கியவருள் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனார்கள் என்பதும் அதே கேள்விதான்!

ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். நிறுவனம் தாங்காத எழுத்து, சிறு கூட்டத்தாரின் முன்னுதவி, குறைந்த படிகள், ஒவ்வொன்றிலும் ஆசிரியர் கையொப்பம். பாரிஸில் 1922-இல் நடந்தது எதுவோ, அதுவே இங்கே கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மலாக்காவிலும் மீண்டும் மீண்டும் நடந்துவருகிறது. மலேசியத் தமிழ் நாவல் தன்னையறியாமலே கையொப்பமிட்ட வரையறைப் பதிப்பாகப் பிறந்துவிடுகிறது. வேறுபாடு ஒன்றே: அங்கே அதனைச் சேர்த்துவைக்க ஆள் இருந்தார்கள், இங்கே இல்லை.

கையொப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். “அன்புடன்” என்பதும் ஒரு சுழிப்பும் மட்டும் இருந்தால் அதனால் ஆராய்ச்சிக்குப் பயன் சிறிதே. யாருக்கு, எங்கே, எந்நாளில் என்று எழுதப்பட்டிருந்தால் அதுவே வரலாற்றுக் குறிப்பு. நூல் எந்தத் திங்களில் எந்த ஊர் வாசகரை அடைந்தது என்பதை அது காட்டும். அச்சுப்பிழையை ஆசிரியரே பேனாவால் திருத்திக் கொடுத்த படி கிடைத்தால், அஃது ஆயிரம் சுழிப்புக்குச் சமம். மேல்நாட்டு வணிகன் வெறும் கையொப்பத்துக்கு விலை வைக்கிறான். தமிழாசிரியன் திருத்தத்துக்கு விலை வைக்க வேண்டும்.

மலாக்கா காட்டும் பாடம்

முதற்பதிப்பைப் பேணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மலாக்காவே ஓர் உதாரணம் தருகிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் தங்கிய முன்னோரின் வழிவந்தவர். சிறுவயதில் தந்தையார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதாகவும், கணக்குக்கும் வாணிகத்துக்கும் உதவுவதால் மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது பரம்பரை வழக்கம் என்றும் அவரே தம் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்ற அந்நூல் 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. எழுத்துக் கோக்காமல், கையெழுத்தாகவே அச்சேறிய நூல் அது. அம்முதற்பதிப்பு பேணப்பட்டதால், பிற்காலப் பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் அதனோடு ஒப்பிட்டு ஆராய்வதற்கு அறிஞர்க்கு வழி இருக்கிறது. மலாக்காவில் தமிழுக்கு இருந்த பழைய செல்வாக்குக்கு ஒரு மலாய் நூலின் வாக்குமூலம் கிடைத்ததும் அதனாலேயே.

சட்டமும் ஒருகாலத்தில் துணை நின்றது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தபோது, 1886-ஆம் ஆண்டில் நூற்பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. அக்குடியேற்றங்களில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் மூன்று படிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நூலின் விவரம் அரசிதழில் வெளியாகும். ஆட்சியாளரின் நோக்கம் எதுவாயினும், இலக்கிய வரலாற்றுக்கு அஃது ஒரு வரப்பிரசாதம் ஆயிற்று. மலேசியாவில் 1986-ஆம் ஆண்டின் சட்டம் அச்சு நூலாயின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்கு அளிக்கக் கோருகிறது. ஆனால் சட்டம் படியைக் கேட்குமேயன்றி, தோட்டத்து லயத்துக்கு வந்து தேடாது. சென்னையில் அச்சிட்டுக் கட்டுக்கட்டாகக் கப்பலில் வந்து, கைமாறிக் கைமாறி விற்ற நூலின் தடத்தைச் சட்டம் எவ்வாறு பற்றும்? மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராம சுப்பையா 1969-இல் ‘தமிழ் மலேசியானா’ என்ற பெயரில் இந்நாட்டுத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் பட்டியல் அமைத்தது, அத்தடத்தைத் தனிமனித முயற்சியால் பற்றிய அருஞ்செயல். பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள நூல் ஒவ்வொன்றும் எங்கேனும் ஒரு கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மலாக்காவுக்கு இக்கேள்வியில் தனிப் பொறுப்பு உண்டு. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டதிலிருந்தே மலாயாவில் வாணிக முறையிலான ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரங்களின் நிழலிலே கோயிலும், கள்ளுக்கடையும், தமிழ்ப் பள்ளியும் உடைய ஒரு வாழ்வு உருவாயிற்று. மலேசியத் தமிழ் நாவலின் முதன்மையான பொருள் அவ்வாழ்வே. அந்த வாழ்வு இன்று பெரும்பாலும் இல்லை. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பெயர்வோர் சட்டி பானையை எடுத்துச் சென்றனர்; சாமிப் படத்தை எடுத்துச் சென்றனர். தகரப் பெட்டியின் அடியில் கிடந்த புத்தகம் எத்தனை வீடுகளில் லாரி ஏறியிருக்கும்?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் தீயை உலகம் கண்டது. தமிழர் இன்றும் அதற்காக அழுகின்றனர். தோட்டத்து நூல்களுக்குத் தீ வைத்தவர் எவரும் இல்லை. தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்தபோதும், பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறியபோதும், எழுத்தாளர் ஒருவர் மறைந்து அவருடைய பிள்ளைகள் அறையை ஒழித்தபோதும் அவை ஒவ்வொன்றாகப் போயின. பகைவன் இல்லாத அழிவுக்குக் கண்ணீரும் இல்லை.

இழப்பு எத்தகையது என்பதற்குச் ‘சயாம் மரண ரயில்’ என்ற ஒரு நூலே போதும். ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போடப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வெள்ளைக்காரக் கைதிகள் நாட்குறிப்பும் நினைவு நூலும் எழுதினர். தமிழ்த் தொழிலாளர் எழுதிவைத்தவை மிகச் சில. ஆகவே அவர்கள் பொருட்டு எழுதப்பட்ட நாவல், இலக்கியமாக இருப்பதோடு சாட்சியாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. சாட்சியின் முதல் வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் உள்ள மதிப்பு, அத்தகைய நாவலின் முதற்பதிப்புக்கு வரலாற்றில் உண்டு. ஆசிரியர் யாரிடம் கேட்டார், எவ்வாறு எழுதினார் என்று கூறும் முன்னுரை, மறுபதிப்பில் சுருங்கலாம், மாறலாம், மறையலாம். முதற்பதிப்பே அதற்குப் பொறுப்பு.

நிழற்படம் போதாதா?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். பக்கங்களை நிழற்படமாக்கிக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா. தாளையும் அட்டையையும் கட்டிக்கொண்டு அழுவானேன்? சிங்கப்பூரில் 2015-இல் அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் தொகுத்துத் தேசிய நூலக வாரியத்தின் வழி மக்களுக்கு அளிக்கப்பட்டன. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் பெருந்தொண்டு செய்கிறது. இவை மலேசியாவுக்கும் வழிகாட்ட வேண்டியவை. படிப்போர்க்கு அதுவே சிறந்த வழி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தாமஸ் ஜே. வைஸ் என்ற ஆங்கிலேயர் முதற்பதிப்புகளைத் தேடுவதில் மன்னர் எனப் பெயர் பெற்றிருந்தார். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் கவிதைகள் 1847-இல் அச்சானவை என ஒரு சிறுநூல் உலவியது. 1934-இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரு புத்தக அறிஞர்கள் அத்தகைய சிறுநூல்கள் பலவற்றின் தாளைச் சோதித்தனர். அக்காலத்தில் இன்னும் வழக்குக்கு வராத கூழினால் ஆன தாள் அது! போலிகளின் குட்டு வெளிப்பட்டது. பழி வைஸ் மீதே சென்று நின்றது. எழுத்தில் காணாத பொய்யைத் தாள் காட்டிக்கொடுத்தது. நிழற்படம் அதனைக் காட்டியிராது.

முதற்பதிப்பின் மேல் கண்மூடித்தனமான பற்று வைத்தால் போலி பிறக்கும் என்பதும் இதே கதையின் பாடம். முதற்பதிப்பு எல்லாம் திருத்தமான பதிப்பும் அன்று. அச்சுப்பிழை மலிந்த முதற்பதிப்பை ஆசிரியரே பின்னர்ச் செப்பம் செய்திருக்கலாம். அப்போது படிப்பதற்கு ஏற்றது திருந்திய பதிப்பே. முதற்பதிப்பைத் தெய்வமாக்க வேண்டா; சாட்சியாக்கினால் போதும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வீட்டை விட்டுத் துரத்தலாகாது.

ஆசிரியர் செய்யக்கூடியது

பொருள் படைத்தோர் செய்ய வேண்டியவை பல. ஆனால் இவ்வேலையைத் தொடங்கப் பொருள் வேண்டா, கண் வேண்டும். தோட்டப் பள்ளியிலோ பட்டணப் பள்ளியிலோ பணிபுரியும் தமிழாசிரியர், நூலகத்துப் பழைய அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து முகப்புத்தாளைத் திருப்பிப் பார்க்கலாம். பதிப்பு, திங்கள், ஆண்டு, அச்சகம், விலை ஆகியவை அங்கே இருக்கும். தமிழ்ப் பதிப்பாளர் பலர் மறு அச்சையும் மறுபதிப்பையும் வேறுபடுத்தாமல் இரண்டையும் ‘பதிப்பு’ என்றே எழுதுவர். இதில் விழிப்பு வேண்டும். விலை ‘வெள்ளி’ என்றிருக்கிறதா, ‘ரூபாய்’ என்றிருக்கிறதா, இரண்டும் உண்டா என்பது நூல் எந்த நாட்டு வாசகரை நோக்கியது என்பதைச் சொல்லும். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகள் இருந்தால், 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தம் பரவும் முன் அச்சுக் கோத்ததாகலாம். ஆனால் அச்சகங்கள் பழைய எழுத்தை உடனே கைவிடவில்லை. ஆகவே அஃது ஒரு குறிப்பேயன்றி முடிவன்று.

நூலகத்தார் செய்யும் ஒரு நற்செயலே சிலபோது தீங்காகிறது. அட்டை கிழிந்த நூலுக்குக் கெட்டி அட்டை போடும்போது, பழைய அட்டையையும் விளம்பரத் தாளையும் கிழித்தெறிந்துவிடுகின்றனர். ஓவியரின் பெயரும், ஆசிரியரின் பிற நூல்களின் பட்டியலும், வெளியிட்டவர் முகவரியும் அவற்றோடு போகின்றன. பழைய அட்டையையும் உள்ளே சேர்த்துத் தைக்கச் சொன்னால் கூலி அதிகமாகிவிடாது. கையொப்பம் உள்ள படியாயின் யாருடையது, யாருக்கு என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். பள்ளியில் வைத்திருக்க இடமில்லையெனில் பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். 1950-களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம் உழைப்பின் வெள்ளியைத் தந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமையத் துணை நின்றனர். நூலுக்காகக் காசு தந்தவரின் பேரப்பிள்ளைகளிடம் நூலைத் தரும்படி கேட்பது பெரிய கோரிக்கையன்று.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதப்பட்டது 1962-இல், நூலானது 1972-இல். வெளிவந்தபோது அதனை வரவேற்றோர் சிலரே. இன்று தமிழின் பெருநாவல்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. அக்காலத்தில் ஒரு படியை வாங்கி வைத்தவர், பிற்காலத் தீர்ப்பை முன்னறிந்து வாங்கினார் அல்லர். நூல் என்பதால் வாங்கினார், எறியவில்லை, அவ்வளவே. எந்த நாவல் நிலைக்கும், எது மறையும் என்று வெளியீட்டு விழா அன்று எவராலும் கூற முடியாது. கூற முடியாமையாலேயே பேண வேண்டியிருக்கிறது.

ஆகவே, முதற்பதிப்பு யாருக்கு என்ற கேள்விக்கு விடை கண்ணாடி அலமாரி வைத்திருக்கும் செல்வர்க்கு என்பதன்று. மலாக்காவின் தோட்டத்து வாழ்வை எழுத்தில் மட்டுமே காணப்போகும் மாணவனுக்கு அது வேண்டும். அம்மாணவனுக்கு ஏலத்தில் எடுத்த படி தேவையில்லை. பள்ளி அலமாரியின் அடித்தட்டில், ஆசிரியரின் கையொப்பத்தோடும் அச்சுப்பிழைகளோடும், எறியப்படாமல் கிடக்கும் ஒரு படி போதும்.